வைக்கோலுக்கு உரம் வைத்தால் பச்சையாகுமா?

வீட்டு நலம் – வாசகர் கேள்வி

கேள்வி: "எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. சோப்பு போட்டால் நுரை வராது. மகளுக்கு 22 வயது. காலையில் மிளகாய்க் காட்டு வேலை, மதியத்துக்கு மேல் தையல். இடுப்பு வரை இருக்கும் முடி வைக்கோல் மாதிரி காய்ந்து, நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆடியில் காய்ச்சல் வந்து எழுந்தவளுக்கு இப்போது முடி கொட்டவும் செய்கிறது. சீப்பை வைத்தால் கொத்தாக வருகிறது. தை மாதம் நிச்சயதார்த்தம். டவுன் பார்லரில் 'கெரட்டின்' செய்தால் சரியாகும், 4,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மிளகாய் பறித்து விற்கும் வரை கையில் அவ்வளவு பணம் கிடையாது. வீட்டிலேயே செய்ய வழி உண்டா? தைக்குள் பலன் தெரியுமா?"

– வாசகி, முதுகுளத்தூர் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: இந்தக் கடிதத்தில் இரண்டு பிரச்னைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முடி காய்வது ஒன்று. முடி கொட்டுவது வேறொன்று. காய்வதை வீட்டிலேயே, அதிகம் செலவில்லாமல் பெருமளவு சரிசெய்யலாம். தைக்குள் பலனும் தெரியும். கொட்டுவதற்கு எண்ணெயும் செம்பருத்தியும் மருந்தாகாது. அதற்குப் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பணமும் மிஞ்சும், பெண்ணின் உடம்பும் தேறும்.

முடி ஏன் காய்கிறது?

தலைக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேரில் மட்டும்தான். அறுத்துப் போட்ட வைக்கோலுக்கு உரம் வைத்தால் அது பச்சையாகாது. அதுபோல, வெளியே வந்துவிட்ட முடிக்கு எதைப் பூசினாலும் 'சத்து' ஏறாது. சத்து வேருக்குப் போக வேண்டும். அது சாப்பாட்டிலிருந்து ரத்தம் வழியாகத்தான் போகும். ஆனால் வைக்கோலை மழையிலும் வெயிலிலும் போட்டு மக்கவிடாமல் போர் போட்டுக் காப்பாற்றுவது போல, வெளியே இருக்கும் முடியையும் கெடாமல் காப்பாற்றலாம். பார்லரில் 'டீப் கண்டிஷனிங்' என்று சொல்வதும், வீட்டில் பாட்டிமார் வெந்தயமும் கற்றாழையும் அரைத்துப் பூசியதும் இந்தக் காப்பாற்றும் வேலையைத்தான் செய்கின்றன.

ஒவ்வொரு முடியின் மேலும் மிகச் சிறிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். தென்னங்கீற்று வேய்ந்த கூரை மாதிரி. ஒரு முடியை வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுவழுப்பாகவும், நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரப்பாகவும் இருப்பது இதனால்தான். கீற்று படிந்திருக்கும் வரை உள்ளே ஈரம் நிற்கும். கீற்று தூக்கிக்கொண்டால் ஈரம் போய்விடும். முடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சீப்பு போட்டால் அறும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். இடுப்பு வரை 70 செ.மீ. இருந்தால், அதன் நுனி ஏறக்குறைய 6 வருடத்துக்கு முன் முளைத்தது. 6 வருட வெயிலும், உப்புத் தண்ணீரும், சோப்பும், சீப்பும் பார்த்த முடி அது. நுனி மட்டும் அதிகம் காய்வதில் ஆச்சரியம் இல்லை. வெடித்த நுனியை ஒட்டவைக்க எந்த மருந்தும் கிடையாது. அரை சாண் வெட்ட வேண்டியதில்லை; ஒன்றிரண்டு அங்குலம் வெட்டிவிட்டால் வெடிப்பு மேலே ஏறாது.

முதல் வேலை: தண்ணீர்

சோப்பு நுரைக்காத தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக மாறும். குளியலறை வாளியில் படியும் அதே வெள்ளைதான் முடியிலும் படிகிறது. எத்தனை எண்ணெய் வைத்தாலும் இந்தப் படிவு இருக்கும் வரை முடி சொரசொரப்பாகவே இருக்கும்.

இந்தத் தண்ணீரை மாற்ற இதுவே நல்ல பருவம். ராமநாதபுரத்துக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் முதல் மழையில் கூரைத் தூசியைக் கழுவிப் போகவிட்டு, அடுத்த மழையில் இரண்டு மூன்று குடம் பிடித்து, துணியில் வடிகட்டி, மூடி வைக்கலாம். நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். அதனால் குடத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவது முக்கியம். முழுத் தலைக்கும் மழைத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதில்லை. போர் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசி இரண்டு செம்பு மட்டும் மழைத் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே படிந்திருக்கும் வெள்ளையை எடுக்க, 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, 15 நாளுக்கு ஒரு முறை தலை அலசியதும் முடியின் நீளத்தில் ஊற்றலாம். இரண்டு நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். சாறை அப்படியே தேய்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு தோலில் பட்டபடி வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். எனவே காட்டு வேலை முடிந்த பிறகு, மாலையில் செய்வது நல்லது.

எண்ணெய்: குளிப்பதற்கு முன்

முடி ஒவ்வொரு முறை நனையும்போதும் ஊறிப் பருக்கும், காயும்போது சுருங்கும். இப்படி ஊறியும் சுருங்கியுமே முடி பலம் இழக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி இந்த ஊறலைக் குறைக்கிறது. 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கும் அளவுக்குச் சிறியது என்பதே அவர்கள் சொன்ன காரணம். நல்லெண்ணெய் அந்த ஒப்பீட்டில் இல்லை. நல்லெண்ணெய் தேய்த்துப் பழகியவர்கள் அதையே தொடரலாம். முடிக்கு மேல் பூச்சாக அதுவும் உதவும்.

அளவு: இடுப்பு வரை உள்ள முடிக்கு 3 மேஜைக்கரண்டி. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் போதும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். காதுக்குக் கீழே உள்ள முடியிலும் நுனியிலும்தான் அதிகம் தேய்க்க வேண்டும். அங்கேதான் வறட்சி. பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட்டால் பொடுகு கூடும். அவர்கள் நீளத்தில் மட்டும் தேய்த்து, 1 மணி நேரத்தில் குளித்துவிடலாம்.

வழுவழுப்பு: குளித்த பிறகு

பல வீடுகளில் செம்பருத்தி, வெந்தயம் அரைத்துப் பூசிவிட்டு, அதன் மேல் சீயக்காய் அல்லது ஷாம்பு போட்டுத் தேய்க்கிறார்கள். அப்போது வழுவழுப்பு முழுவதும் அழுக்கோடு சேர்ந்து போய்விடுகிறது. வறண்ட முடிக்கு வரிசையை மாற்ற வேண்டும். முதலில் எண்ணெய். பிறகு சீயக்காய், அரப்பு அல்லது ஷாம்பு. அதற்குப் பிறகு கீழே உள்ள பூச்சுகளில் ஒன்று. கடைசியில் வெறும் தண்ணீர்.

அரப்பு மோர் கரைசல் தெளித்துப் பழகிய விவசாயிகளுக்கு அரப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பயிருக்குப் போகும் அதே உசிலை இலைப் பொடிதான் தலைக்கும் ஆகும். சீயக்காயை விட அரப்பு வழுவழுப்பானது. ஆகவே வறண்ட முடிக்கு ஏற்றது. துணி சோப்பும் குளியல் சோப்பும் தலைக்கு வேண்டாம். அவற்றின் காரம் முடியின் கீற்றைத் தூக்கிவிடும்.

பூச்சு 1 – வெந்தயம், செம்பருத்தி இலை: 2 மேஜைக்கரண்டி வெந்தயத்தை 1 டம்ளர் தண்ணீரில் இரவே ஊறப்போடவும். காலையில் 10 செம்பருத்தி இலையோடு சேர்த்து நைசாக அரைக்கவும். மெல்லிய பழைய வேட்டித் துணியில் பிழிந்து சக்கையை எடுத்துவிட வேண்டும். வடிகட்டாவிட்டால் வெந்தயத் துணுக்கு முடியில் ஒட்டிக்கொண்டு, அதை எடுக்கச் சீவியே பாதி முடி அறும். பிழிந்த கூழில் 2 மேஜைக்கரண்டி தயிர் சேர்க்கலாம்.

பூச்சு 2 – சோற்றுக் கற்றாழை: ஒரு பெரிய மடலை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வைக்கவும். வடியும் மஞ்சள் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும். அது முழுதும் போக வேண்டும். உள்ளிருக்கும் சோற்றைக் கழுவி, 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோடு மிக்ஸியில் அடித்தால் வெண்மையான குழம்பு கிடைக்கும். வடிகட்டிப் பூசலாம்.

பூச்சு 3 – வடித்த கஞ்சி: எதுவும் அரைக்க நேரம் இல்லாத நாளில், உப்பு போடாத சாதக் கஞ்சியை ஆறவைத்து, அதே அளவு தண்ணீர் கலந்து ஊற்றலாம். 10 நிமிடம் போதும். காயவிட்டால் முடி விறைத்துவிடும்.

முதல் இரண்டு பூச்சுகளையும் ஈர முடியில், காதுக்குக் கீழிருந்து நுனி வரை பூசி, தளர்வாகக் கொண்டை போடவும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைச் சுற்றி 20 முதல் 30 நிமிடம் இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்க ஊறவிடுவதால் கூடுதல் பலன் இல்லை. எந்தப் பூச்சையும் அன்றன்றே அரைக்க வேண்டும். மீந்ததை வைத்திருந்து பூசக் கூடாது. புதிதாக ஒன்றைப் பூசும் முன், முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

முட்டை பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முட்டைப் புரதம் முடிக்குள் இறங்கும் அளவுக்குச் சிறியதல்ல. வெந்நீர் பட்டால் தலையிலேயே வெந்துவிடும். முட்டையைச் சாப்பிட்டால் வேருக்குப் போகும்.

சுருள் முடிக்காரர்களுக்கு

சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே சுருட்டை முடி இருக்கும். தலைத் தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதாக வழிந்து இறங்கும். சுருளில் அது நுனி வரை போவதில்லை. அதனால் சுருள் முடி எப்போதும் கொஞ்சம் வறண்டே இருக்கும். அது நோயும் இல்லை, குறையும் இல்லை. காய்ந்த சுருளைச் சீவினால் அறும். பூச்சு தலையில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். நேரான முடிக்கு எதிர்மாறு: ஈரத்தில் அது பலவீனம், முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவலாம். எந்த முடியானாலும் துண்டால் அடித்து உதறுவது கீற்றைப் பெயர்க்கும் வேலை. ஒற்றி எடுத்தால் போதும்.

காட்டில் கவனிக்க வேண்டியவை

வேலைக்குப் போகும்போது பின்னிக் கொண்டை போட்டு, பருத்தித் துணியால் தலையை மூடினால் வெயில், தூசி இரண்டிலிருந்தும் பாதி தப்பிக்கலாம். ஈரத் தலையோடு கொண்டை போடக் கூடாது.

இலைப்பேனுக்கு மருந்து தெளித்த மிளகாய்க் காட்டின் வேலியிலிருந்து செம்பருத்தி இலையோ கற்றாழையோ பறிக்க வேண்டாம். வீட்டு முற்றத்துச் செடியே நல்லது. மருந்து அளக்கும் மூடி, கரைக்கும் வாளி, தெளிக்கும்போது கட்டிய துண்டு ஆகியவை இந்த வேலைக்கு வரவே கூடாது. பேன் போக வேண்டும் என்று பயிர் மருந்தையோ மண்ணெண்ணெயையோ தலையில் தடவும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. பயிர் மருந்து தலைத் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் போனால் தீப்பிடிக்கும்.

4,000 ரூபாய் தேவையா?

'கெரட்டின்' என்ற பெயரில் செய்யப்படும் சில சிகிச்சைகளில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடாக்கும்போது அதை வெளிவிடும் ரசாயனம் இருக்கிறது. கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பூச்சு சில மாதம் பளபளக்கும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். புதிதாக முளைக்கும் முடி பழையபடிதான் வரும். கொட்டும் முடியை அது நிறுத்தாது. நிச்சயதார்த்தத்துக்கு இது தேவையில்லை.

கொட்டுவதற்கு என்ன காரணம்?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. கொத்தாக வந்தால்தான் கவனிக்க வேண்டும். கடிதத்தில் ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது: ஆடியில் காய்ச்சல். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது வழக்கம். ஆடியில் காய்ச்சல், ஐப்பசியில் கொட்டல் என்பது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும்.

ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச் சத்து குறைந்தாலும் முடி கொட்டும். சீக்கிரம் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குதல், வெளிறிய கண் இமை, மாதவிலக்கில் அதிகப் போக்கு ஆகியவை இருந்தால் சந்தேகம் கூடுகிறது. உடல் எடை காரணமில்லாமல் ஏறுவது, குளிர் தாங்காமை, முடியோடு தோலும் காய்வது ஆகியவை இருந்தால் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை கொடுத்தால் டாக்டர் சொன்ன காலம் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் ஏறாது. ஒரு மணி நேர இடைவெளி விட்டு, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாக ஏறும். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, சுண்டல், மீன், ஈரல், முட்டை ஆகியவற்றில் கிடைப்பதைத் தட்டில் சேர்க்கலாம்.

இதை இந்த வீட்டில் தள்ளிப் போடக் கூடாத காரணம் ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்குகிறது. ரத்தசோகையோடு கர்ப்பம் தரித்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. முடியைப் பார்த்து வந்த கவலை, ரத்தத்தைப் பார்க்க வைத்தால் அதுவே பெரிய லாபம்.

தைக்குள் என்ன தெரியும்?

வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு சேர்த்துச் செய்தால் தைக்குள் பத்து முறை வரும். மூன்று நான்கு முறையிலேயே சிக்கு குறையும்; சீப்பில் அறுந்து வரும் துண்டு முடி குறையும். புதிய முடி 3 செ.மீ. அளவுதான் வளர்ந்திருக்கும், அடர்த்தி கூடியதாகத் தெரியாது. கொட்டல் நின்றதா என்பது மாசி, பங்குனியில்தான் தெளிவாகும். அதற்குள் பயந்து வேறு எதையும் வாங்கிப் பூச வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது: இந்த வாரமே ரத்தப் பரிசோதனை. அடுத்த மழைக்கு இரண்டு குடம் தண்ணீர். வியாழன் இரவு வெந்தயம் ஊறப்போடுவது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் நுனி வெட்டுவது. பார்லருக்குக் கடன் வாங்க வேண்டாம்.